கேட்பாரற்ற நோய்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்பார்கள் நம் பெரியோர். பிறர் படும் துன்பத்தை அலட்சியமாய்ப் பேசுகிறவர்களை இடித்துரைக்கும் பழமொழி இது. ஆனால் தனக்கே வந்த பிறகும் தனக்குத் தெரியாத நோய் ஒன்று உண்டு. கூடவே இருக்கும் தாய்க்கும் அது தெரிவதில்லை. ஒரே அறையில் படுத்துறங்கும் தோழிக்கும் தெரிவதில்லை. சில வேளைகளில் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுக்கும் மருத்துவருக்கும் தெரிவதில்லை. மனச்சோர்வு என்பதே அந்த நோயின் பெயர். நம் ஊரில் அது யார் யாரிடம், என்னென்ன வேடத்தில் உலவுகிறது என்று இந்த ஆண்டு மலரில் எழுதத் துணிந்துள்ளோம். நாங்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு மாணவியரே. ஆயினும் கண்ணால் கண்டதை எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் இராமானுசர் பிறந்த தலம் என்றுதான் முன்பெல்லாம் உலகம் அறிந்திருந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி இது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006-ல் நோக்கியா தொழிற்சாலை வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் வந்தன. ஒரகடம், வல்லம் வடகால், மாத்தூர், சுங்குவார்சத்திரம் என்று எப்பக்கம் திரும்பினாலும் சிப்காட் பெயர்ப் பலகைகள்தாம். திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரி, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் போன்ற மாநிலங்களிலிருந்தும் மக்கள் இங்கு வந்து சேர்ந்தார்கள். நாம் காலையில் பள்ளிக்கு வரும் வேளையில், இரவு ஷிப்டு முடித்த பெண்களைச் சுமந்துகொண்டு கம்பெனி பஸ்கள் திரும்புகின்றன. ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து உறங்கும் அந்த முகங்களில் பல நம்மைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவை.

அந்த முகங்களில் ஒன்று நம் பள்ளியின் முன்னாள் மாணவியுடையது. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார், எழுதவில்லை. இங்கே படித்தபோது அவர் இல்லத் தலைவி. ஆண்டு விழா நாடகம் என்றால் அவர் இல்லாமல் ஒத்திகை நடக்காது. மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றும், வீட்டு நிலைமையால் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். முதல் சில மாதங்கள் பஸ் நிறுத்தத்தில் நம்மைக் கண்டால் கையசைப்பார். பிறகு கையசைப்பது நின்றது. எதிரே நின்று "அக்கா!" என்று கூப்பிட்டாலும் பாராதவர் போல் போனார். நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா? "சம்பாதிக்கத் தொடங்கியதும் கர்வம் வந்துவிட்டது" என்று பேசிக்கொண்டோம். வீட்டில் "சோம்பேறி" என்றார்கள். விடுமுறை நாள் முழுதும் படுக்கையைவிட்டு எழவில்லையாம். அக்கம் பக்கத்தார் "காற்று கருப்பு பட்டிருக்கும்" என்று மந்திரிக்கச் சொன்னார்கள். மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை கொடுத்தார்கள். சத்து டானிக்கும் கொடுத்தார்கள். இப்படி எட்டு மாதங்கள் கழிந்தன. கடைசியில், வழக்கமாய் மாத்திரை வாங்கப் போன அரசு மருத்துவமனையில் ஒரு செவிலியர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தூக்கம் எப்படி இருக்கிறது? மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்விக்கே அரை மணி நேரம் அழுதேன் என்றார் அக்கா. இன்று சிகிச்சை பெற்று நலமடைந்து வருகிறார். "உங்கள் மேல் கோபம் இல்லை. எனக்கு என்னவென்று எனக்கே தெரியவில்லையே" என்று அவர் சொன்னபோது நாங்கள் தலை குனிந்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பள்ளியில் கீழ்வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் பெற்றோர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். தகப்பனார் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. தாயாருக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மாள் அடிக்கடி வயிற்று வலி என்று சுருண்டு படுத்துக்கொள்வார். மருத்துவரிடம் போகும்போதெல்லாம் மகள்தான் மொழிபெயர்ப்பாளர். ஒருநாள் மதிய உணவு வேளையில், "அம்மா ராத்திரியெல்லாம் அழுறாங்க" என்று அவள் தற்செயலாகச் சொன்னாள். "டாக்டரிடம் சொன்னாயா?" என்று கேட்டோம். "இல்லை, அவர் அதைக் கேட்கவில்லையே" என்றாள்.

"கேட்கவில்லையே" என்ற சொல் பல நாட்கள் எங்களை விட்டு அகலவில்லை. நாங்கள் சொல்ல வந்ததும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. இந்த நோய் மறைந்திருப்பதற்கு முதற்காரணம் அதன் தந்திரம் அன்று. நாம் கேட்காமலிருப்பதே முதற்காரணம்.

சோகம் வேறு, மனச்சோர்வு வேறு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். தேர்வில் தோற்றால் அழுகிறோம். பாட்டி இறந்தால் சாப்பாடு இறங்குவதில்லை. இது இயற்கை. நாளடைவில் தணியும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக, ஏறக்குறைய தினந்தோறும், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி. முன்பு மகிழ்ச்சி தந்த எதிலும் நாட்டம் இல்லாமற் போனாலும் அப்படியே. இவற்றோடு உறக்கம் கெடும் அல்லது அளவுக்கு மிஞ்சும். பசி குறையும் அல்லது கூடும். உடல் ஓயாமல் களைக்கும். கவனம் சிதறும். "நான் எதற்கும் உதவாதவள்" என்ற எண்ணம் குடைந்துகொண்டே இருக்கும். இருப்பதைவிட இல்லாமற் போவதே மேல் என்றும் தோன்றும். நம் மக்களிடம் இது பெரும்பாலும் உடம்பின் வழியாகவே பேசுகிறது: தலைவலி, முதுகுவலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிச்சல், கை கால் அசதி. இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும்கூட இத்தகைய அசதியைத் தரும். ஆகவே நாமே பெயர் சூட்டிவிடாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

இது எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வ நோய் என்று எண்ண வேண்டாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் மனச்சோர்வுக்கு ஆளாகிறவர் ஏறத்தாழ இருபது பேருக்கு ஒருவர் என்று அது கண்டது. அவ்வாறு ஆளானவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் சிகிச்சை ஏதும் பெறவில்லை என்றும் அதே ஆய்வு கூறியது. கால் முறிந்தவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் கட்டுப் போடாமல் நடமாடினால் ஊர் பார்த்துக்கொண்டிருக்குமா?

வெளியூரிலிருந்து வந்தவர்களிடம் இந்நோய் ஏன் மறைந்து கிடக்கிறது? விடுதி அறையிலிருந்து ஊருக்குப் போன் செய்யும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று தாய் கேட்கிறாள். "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்" என்கிறாள் மகள். அவள் அனுப்பும் பணத்தில் தம்பி கல்லூரிக்குப் போகிறான். அக்காள் கல்யாணக் கடன் அடைகிறது. "நன்றாக இல்லை" என்று சொன்னால் "திரும்பி வந்துவிடு" என்பார்கள், அல்லது "கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்பார்கள். இரண்டுமே அவளுக்கு அச்சம். ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறுவாரம் இரவு ஷிப்டு என்று மாறும்போது உடலின் இயற்கைக் கடிகாரம் தடுமாறுகிறது, உறக்கம் குலைகிறது. உறக்கம் குலைந்த இடத்தில் மனமும் எளிதில் குலையும். அறைத் தோழியோ வேறு ஷிப்டு. ஒருத்தி வரும்போது மற்றொருத்தி கிளம்புகிறாள். வடமாநிலத்தாருக்கு இவற்றோடு மொழியும் ஒரு சுவர். கடையில் அரிசி வாங்கக் கற்றுக்கொண்ட தமிழ், நெஞ்சில் உள்ளதைச் சொல்லப் போதுமா?

2021 டிசம்பரில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கிய ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆயிரக்கணக்கான பெண்கள் இரவோடிரவாகச் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். நாடே திரும்பிப் பார்த்தது. பின்னர் 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க பெரிய குடியிருப்பை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திறந்து வைத்தார். நல்ல உணவும் நல்ல கூரையும் அடிப்படை உரிமைகள். அவை கிடைப்பதை வரவேற்கிறோம். ஆனால் வயிற்றுக்கு வந்த நோய் நெடுஞ்சாலைக்கு வந்து நியாயம் கேட்டது. மனத்துக்கு வரும் நோய் அப்படிக் கேட்பதில்லை. அது போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறது.

அப்படியானால் இது வந்தவர்களின் நோய் மட்டும்தானா? சொந்த ஊரில், சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன குறை என்று கேட்கலாம். நம் தோழி ஒருத்தியின் தந்தை நிலத்தை விற்றவர். பணம் வந்தது, மாடி வீடு எழுந்தது, கீழ்த்தளம் வாடகைக்கு விடப்பட்டது. தாம் உழுத நிலத்திலேயே கட்டப்பட்ட கிடங்கின் வாசலில், சீருடை அணிந்து காவலாளியாக உட்கார்ந்திருந்தார் சில காலம். இப்போது அதுவும் இல்லை. விடியற்காலையில் பழக்கத்தால் எழுந்துவிடுகிறார். போவதற்கு வயல் இல்லை. வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. "நிலம் விற்ற யோகக்காரர், உமக்கென்ன கவலை?" என்று ஊரார் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே அவர் வாயை அடைத்துவிடுகிறது. நடவும் களையெடுப்பும் கூட்டமாய்ச் செய்து, பாட்டும் பேச்சுமாய்ப் பழகிய பாட்டிமார் இன்று பூட்டிய கேட்டுக்குப் பின்னால் தொலைக்காட்சி முன் தனியே அமர்ந்திருக்கிறார்கள். 2014 நவம்பரில் நோக்கியா மூடப்பட்டபோது, நிலையான வேலை என்று நம்பியிருந்த ஆயிரக்கணக்கான இளம் பெண்களும் ஆண்களும் ஒரே ஆண்டில் வேலையிழந்தனர். இழந்தது சம்பளம் மட்டும் அன்று. "கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்" என்ற மதிப்பையும் இழந்தனர். அந்தத் துக்கத்தையும் யார் கேட்டார்கள்?

ஆக, வந்தவர் ஊரை விட்டு வந்தார். இருப்பவரையோ ஊர் விட்டுப் போய்விட்டது. இருவரும் இழந்தவர்களே. ஆனால் ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் ஐயக் கண்ணோடு பார்க்கிறோம். "வடக்கன்" என்று நம் வீடுகளில் எவ்வளவு எளிதாய்ச் சொல்கிறோம்! வாடகை மட்டும் அவர்களிடம் வாங்குகிறோம், வணக்கம் சொல்வதில்லை. அவர்களும் நம்மை வீட்டுக்காரராக மட்டுமே அறிவர். மாடியில் ஒரு மனம் அழுகிறது, கீழ்த்தளத்தில் ஒரு மனம் அழுகிறது. நடுவே ஒரு தளம்தான் தடை.

நாங்கள் இப்பொருள் பற்றி வகுப்பில் வாதிட்டபோது மூன்று எதிர்ப்புகள் எழுந்தன. அவற்றை மறைக்காமல் கூறுகிறோம்.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்றாள் ஒருத்தி. அந்தக் காலத்திலும் இருந்தது. சென்னையில் மனநோயாளருக்கான இல்லம் 1794-லேயே தோன்றியது. அதுவே இன்று கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமாக வளர்ந்திருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் அங்குப் பல்லாண்டு தலைமைப் பொறுப்பு வகித்தார். 1984-ல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனத்தையும் தொடங்கினார். பூட்டிய கதவுக்குள் தள்ளப்பட்டவர்களை மனிதராக நடத்த வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பாடுபட்ட அவர் 2021-ல் காலமானார். நம் போன்ற பெண்பிள்ளைகளுக்கு அவர் ஒரு கலங்கரை விளக்கம்.

"செபம் போதாதா? விசுவாசம் குறைந்ததால்தானே சோர்வு வருகிறது?" என்று கேட்டாள் மற்றொருத்தி. மறைக்கல்வி வகுப்பில் படித்த எலியாவை நினைத்துக்கொண்டோம். அரசர்கள் முதல் நூல் பத்தொன்பதாம் அதிகாரத்தில், அத்தனை பெரிய இறைவாக்கினர் பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் கீழ் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரை மன்றாடினார். வானதூதர் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை, "உன் விசுவாசம் எங்கே?" என்று கேட்கவுமில்லை. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் சொன்னார். முதலில் உறக்கம், உணவு, ஒரு துணை, பிறகுதான் பயணம். செபமும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும். காய்ச்சலுக்கு மாத்திரை உண்பவரை அவிசுவாசி என்று நாம் அழைப்பதில்லையே!

மூன்றாவது எதிர்ப்பே வலிமையானது. "சம்பளம் போதவில்லை, வேலை நிரந்தரமில்லை, நின்றுகொண்டே எட்டு மணி நேரம் வேலை. இதற்குப் பெயர் நோயா? மாத்திரை கொடுத்தால் இதெல்லாம் மாறுமா?" மாறாது. உண்மையை ஒப்புக்கொள்கிறோம். அநியாயத்துக்கு மருந்து நியாயமே, மாத்திரையன்று. ஆனால் நோயுற்ற மனம் நியாயத்தைக் கேட்கவும் திராணியற்றுப் போகிறது. எல்லாம் என் தவறே என்று அது நம்பிவிடுகிறது. ஆகவே வேலை நிலைமை சீர்பட வேண்டும். நோயுற்றவருக்கு மருத்துவமும் கிடைக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக் கழிப்பது தவறு.

என்ன செய்யலாம்? ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அங்கு டாக்டர் டிக்சன் சிபாண்டா என்பவரிடம் வந்துகொண்டிருந்த ஓர் இளம் பெண், பஸ் கட்டணத்துக்குப் பணமில்லாமல் மருத்துவமனைக்கு வர இயலாது போய் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த வேதனையில் பிறந்தது ஒரு எளிய திட்டம். 2006-ல் தலைநகர் ஹராரேயில் பதினான்கு பாட்டிமாருக்குப் பயிற்சி அளித்து, சுகாதார நிலையங்களின் வெளியே மர பெஞ்சுகளில் அமர வைத்தார். "நட்பு பெஞ்சு" என்பது அதன் பெயர். அவ்வூர் மக்கள் இந்நோயைத் தங்கள் மொழியில் "அளவுக்கு மீறிய யோசனை" என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். பாட்டிமாரும் அந்தச் சொல்லையே கொண்டு பேசினார்கள். அதனால் மக்களின் துயர் குறைந்தது என்று ஆராய்ச்சிகள் மெய்ப்பித்தன. நம் நாட்டிலும் கோவாவில் டாக்டர் விக்ரம் பட்டேலும் அவர் குழுவினரும், மருத்துவரல்லாத சாதாரண மக்களைப் பயிற்றுவித்தே மனச்சோர்வுக்கு உதவலாம் என்று காட்டினர்.

நம் ஊரில் பாட்டிமாருக்குப் பஞ்சமா? வேப்பமர நிழலுக்குப் பஞ்சமா? 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து கொண்டுவரும் சகோதரிகள், கூடவே "மனசு எப்படி இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? தொழிற்சாலை மருத்துவ அறையிலும் விடுதியிலும் அதே கேள்வியை, அந்தந்தப் பெண்ணின் மொழியில் கேட்க ஒருவரை அமர்த்தக் கூடாதா? பணிவோடு இதை வேண்டுகிறோம்.

உதவிக்கு இடங்கள் இல்லாமல் இல்லை. 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. 2022-ல் தொடங்கிய இச்சேவையில் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் பேசலாம். உயிரை விடும் எண்ணத்தோடு போராடுகிறவர்களுக்கு உறுதுணையாகச் சென்னையில் ஸ்நேகா என்ற தொண்டு அமைப்பு 1986 முதல் இயங்குகிறது. அதன் எண் 044-24640050. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அங்கும் காட்டலாம். பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. தேவையானால் மாத்திரையும் உண்டு. மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். நாமாக நடுவில் நிறுத்திவிடக் கூடாது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தலாகாது என்பதற்காக, அவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. சட்டமே இரங்கும்போது நாம் இரங்காதிருக்கலாமா?

பெற்றோர்களே! உங்கள் மகள் "தலைவலி" என்றால் தைலத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அருகே சற்று உட்காருங்கள். "எங்களுக்கில்லாத கஷ்டமா உனக்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்புள்ள அருட்சகோதரிகளே! பள்ளியை விட்டுப் போன மாணவியரைத் திருவிழா நாட்களில் மட்டுமன்றி, மாதம் ஒருமுறை ஞாயிறு மாலையில் அழைத்துப் பேச நம் முற்றத்தில் இடம் தாருங்கள். அவர்களின் அறைத் தோழியர் எம்மதத்தவர், எம்மொழியினர் ஆயினும் உடன் வரட்டும். தோழியரே! அடுத்த ஆண்டு நம்மில் சிலர் கல்லூரிக்குச் செல்வோம். சிலர் அதே கம்பெனி பஸ்ஸில் ஏறுவோம். எங்கே இருந்தாலும், கையசைக்காமல் போகிறவளைக் "கர்வி" என்று தீர்ப்பிடுமுன் அவள் பின்னால் நான்கு அடி நடந்து போவோம்.

சென்ற மாதம் அந்த அக்கா மறுபடியும் பஸ் ஜன்னலிலிருந்து கையசைத்தார். முன்போல் பெரிதாக அன்று, சிறிதாக. ஒடியச் சிறுமிக்கு நாங்கள் ஒரு தமிழ் வாக்கியம் கற்றுக்கொடுத்திருக்கிறோம்: "டாக்டர், அம்மா இரவில் அழுகிறார்கள்." அடுத்த முறை அவர் கேட்காவிட்டாலும் அவள் சொல்லிவிடுவாள். ஆனால் அவளைச் சொல்லும்படி விடாமல் நாமே கேட்கிற நாள் வர வேண்டும் என்பதே எங்கள் ஆவல்.